அவன் பேசியதா, நோய் பேசியதா?

பிப்ரவரி 27, மாலை 6.20 (கேள்வி)

தம்பிக்கு 26 வயது. பைபோலார் (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்), முதல் வகை என்று போன மாதம் சொன்னார்கள். மூன்று வாரம் உள்நோயாளியாக இருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறான். பாதி நாள் தூங்குகிறான், மீதி நாள் சுவரைப் பார்க்கிறான். என் கேள்வி அதைப் பற்றி இல்லை. உச்சத்தில் இருந்த அந்தப் பத்து நாளில் அவன் அம்மாவைப் பேசிய பேச்சை என்னால் மறக்க முடியவில்லை. "அப்பா செத்ததே உன்னாலதான்" என்றான். அம்மா ஒரே வரியில் கடந்துவிட்டார்: "அவன் பேசல, நோய் பேசிச்சு." எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனதில் இல்லாத ஒன்றை நோய் எங்கிருந்து கொண்டுவரும்? அவனிடம் கோபப்படலாமா, கூடாதா? நோய் உள்ளவர்களோ வீட்டில் இருப்பவர்களோ சொன்னால் நல்லது.

மார்ச் 1, இரவு 8.40

கோபப்படலாம். ஆனால் இப்போது வேண்டாம்.

எனக்கு 44. முதல் வகைதான். 31 வயதில் பெயர் வைத்தார்கள். வீட்டில் மனைவியும் பத்தாவது படிக்கும் மகளும். மருத்துவமனை வாசம் இரண்டு முறை.

உங்கள் கேள்விக்கு என் கட்சி இது: மேனியா, அதாவது நீங்கள் சொல்லும் அந்த உச்சம், புதிதாக எதையும் எழுதித் தருவதில்லை. எல்லார் மனதிலும் குப்பை கிடக்கிறது. நல்ல நிலையில் இருப்பவன் அதை வாய்வரை வரவிடமாட்டான். மேனியாவில் அந்தக் கதவு கழன்றுவிடும். அப்பா போன புதிதில் ஏதோ ஒரு இரவு, ஒரு நிமிடம், உங்கள் தம்பி அப்படி நினைத்திருப்பான். நீங்களும்கூட நினைத்திருக்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவன் சொல்லிவிட்டான், நீங்கள் சொல்லவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மார்ச் 2, மாலை 7.15

மனைவி நேற்று எழுதியதைப் படித்தாள். "தப்பு" என்று ஒரே வார்த்தை. பிறகு "கடிகாரம்" என்று இன்னொரு வார்த்தை.

சரி, கடிகாரக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை எனக்கு முற்றியபோது, அவளுடைய அண்ணன் எங்கள் சுவர்க் கடிகாரத்துக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்திருக்கிறார் என்று நம்பினேன். சந்தேகம் இல்லை, நிச்சயமாகத் தெரியும். வீட்டில் இருந்த மூன்று கடிகாரங்களையும் ஸ்குரூ ஸ்குரூவாகக் கழற்றினேன். கருவி கிடைக்கவில்லை. அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளித்து வைத்திருக்கிறார் என்பதற்குச் சாட்சியாக எனக்குப் பட்டது. மச்சான் மேல் எனக்கு எந்தக் காலத்திலும் ஒரு துளி சந்தேகம் இருந்ததில்லை. சீட்டு விளையாடும்போது கையில் இருப்பதை முகத்திலேயே காட்டிவிடுகிற மனிதர் அவர். முற்றிய மேனியாவில் இப்படிப் பிரமைகள் வருவது உண்டு. அவை என் மனக்குப்பையில் எங்கும் கிடந்தவை இல்லை.

ஆக, என் கட்சி பாதி தோற்றது. நோய் சிலதைப் புதிதாகவும் எழுதும்.

மார்ச் 4, மாலை 6.50

மேனியா வரப்போகிறது என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். தூக்கம்.

அதற்கு முன் கொஞ்சம் கணக்கு. மனம் வழக்கத்துக்கு மாறாகப் பொங்குவது அல்லது எரிச்சலில் கொதிப்பது, கூடவே ஓயாத சுறுசுறுப்பு, இது ஏழு நாள் நீடித்தால் மேனியா. மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய அளவுக்குப் போனால் ஏழு நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நான்கு நாளாவது நீடித்து, ஆனால் வாழ்க்கையைக் குலைக்காத அளவில் நின்றால் அது ஹைப்போமேனியா. முழு மேனியா ஒரே ஒருமுறை வந்தாலும் முதல் வகைதான். இரண்டாம் வகையில் ஹைப்போமேனியாவும் கனத்த மனச்சோர்வும் இருக்கும், முழு மேனியா இருக்காது. இரண்டாம் வகையை லேசான வகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் இறக்கத்தில் கழிக்கும் காலம் மிக நீளமானது.

எரிச்சல் என்று எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். பைபோலார் என்றால் சிரித்துக்கொண்டே ஊரைச் சுற்றுவது என்று நினைக்கிறார்கள். எனக்கு வந்ததில் பாதி வெறும் எரிச்சல். உலகம் மெதுவாக நகர்கிறது, எல்லாரும் மந்தமாகப் பேசுகிறார்கள், எனக்கு மட்டும்தான் புரிகிறது.

இப்போது தூக்கம். தூக்கம் வராமல் புரள்பவன் காலையில் சோர்ந்து கிடப்பான். மேனியாவின் வாசலில் நிற்பவன் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுப் பூ மாதிரி எழுந்து வருவான். அந்தப் பூவைக் கண்டால் பயப்படுங்கள்.

இன்னொன்று. 24 வயதில் எனக்கு மனச்சோர்வு என்று மட்டும்தான் சொன்னார்கள். அதற்கான மாத்திரை மட்டும் தந்தார்கள். பைபோலார் உள்ளவருக்கு மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து இல்லாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அது மேலே தூக்கிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனதா என்று இன்றுவரை தெளிவில்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன். "இதற்கு முன் காரணமில்லாமல் உற்சாகமாக இருந்த காலம் உண்டா?" என்று கேட்டிருந்தாலும் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதானே நான் நன்றாக இருந்த காலம்! அதைப் போய் யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

மார்ச் 4, மாலை 7.30

சைக்கிள் கதையை விட்டுவிட்டேன். ஆறு வருடம் முன்பு, இரண்டாவது தடவை. ஒரே இரவில் கிரெடிட் கார்டில் நான்கு சைக்கிள் வாங்கினேன். வீட்டில் ஆட்கள் மூன்று பேர். "நாலாவது யாருக்கு?" என்று மனைவி கேட்டாள். "வரப்போறவருக்கு" என்றேன். யார் வரப்போகிறார் என்று எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்து நான் கட்டிலில் கிடந்தேன். சைக்கிள்கள் அட்டை பிரிக்காமல் கூடத்தில் நின்றன. குளிக்கப் போக அவற்றைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் குளிக்கவில்லை என்று ஒரு சாக்கு.

கடனை அடைக்கப் பதினாறு மாதம் ஆயிற்று. அடைத்தது அவள்.

மார்ச் 5, இரவு 9.05

"மாத்திரை போட்டாச்சா?"

வீட்டில் எந்தச் சண்டையும் இந்த வரியில் முடியும். அலமாரிக் கதவை ஏன் மூடவில்லை என்று கேட்டால் மாத்திரை போட்டாச்சா. அவள் அம்மாவைப் பற்றி நான் நியாயமாக ஒன்று சொன்னால் மாத்திரை போட்டாச்சா. (நியாயம்தான் என்று இன்றும் சொல்வேன்.) எதிராளியின் பேச்சையே செல்லாததாக்கிவிடுகிற கேள்வி இது. கடைசியில் ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று தனித்தனி அறை வைத்த பெட்டி ஒன்றை வாங்கிப் பொதுவான இடத்தில் வைத்தோம். யாரும் யாரையும் கேட்கவேண்டாம், கண் இருப்பவர் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் முதலில் இதைச் செய்யுங்கள்.

மார்ச் 8, இரவு 11.50

குடும்பம் நோயை என்ன செய்கிறது என்பதைப் பற்றியும் எழுதவேண்டும். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரின் குழு ஒன்றைக் கவனித்தது. ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களில், ஓயாத குறைகூறலும் பகையும் அளவுக்கு மீறிய ஈடுபாடும் உள்ள வீடுகளுக்குப் போனவர்கள் அதிகமாகத் திரும்பி வந்தார்கள். பிறகு டேவிட் மிக்லோவிட்ஸ் இதையே பைபோலார் குடும்பங்களில் பார்த்தார். அதிலிருந்து குடும்பத்தையே உட்கார வைத்து நடத்தும் சிகிச்சை ஒன்று வளர்ந்தது. நோயைப் பற்றிய பாடம், பேசிப் பழகுவது, சிக்கலைச் சேர்ந்து அவிழ்ப்பது.

அளவுக்கு மீறிய ஈடுபாடும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள்! நாள் முழுக்க நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற அன்பும் ஆபத்துதான்.

இதை மனைவியிடம் சொன்னேன். "அப்ப அதுவும் என் தலையிலயா?" என்றாள். அவள் கேட்டது சரி. குறைகூறல் சும்மா முளைப்பதில்லை, நான்கு சைக்கிளுக்குப் பிறகு முளைக்கிறது. ஒன்று மற்றதை வளர்க்கும், அது இதை வளர்க்கும். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மார்ச் 9, அதிகாலை 1.30

லித்தியம்! தம்பிக்கு மனநிலையைச் சமன்படுத்த லித்தியம் என்று எழுதியிருந்தீர்கள், அதன் கதை தெரியாமல் அதை விழுங்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், கினிப் பன்றிகளுக்கு லித்தியம் உப்பை ஊசியில் ஏற்றிப் பார்க்கிறார். அவை அமைதியாகின்றன. தானே விழுங்கிப் பார்க்கிறார். அப்புறம்தான் நோயாளிகள். முதல் ஆள் 51 வயதுக்காரர், ஐந்து வருடமாக மேனியாவிலேயே கிடந்தவர். சில மாதத்தில் வீட்டுக்குப் போகிறார், பழைய வேலைக்கே போகிறார்! 1949இல் கேட் இதை வெளியிடுகிறார். மேனியா நோயாளிகள் பத்துப் பேரும் இன்னும் சிலரும் உள்ள சின்னக் கட்டுரை.

கதை அங்கே முடியவில்லை. அந்த முதல் ஆள் என்ன செய்தார் தெரியுமா? மாத்திரையை நிறுத்திவிட்டார். திரும்ப வந்தார். கேட் கொடுத்த லித்தியத்தால் குணம் கண்ட முதல் மேனியா நோயாளியே "எனக்கு இனிமே தேவையில்லை" என்றிருக்கிறார். என் ஆள்! பிறகு 1950இல் லித்தியம் உடம்பில் விஷமாகி இறந்தார். அப்போது ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் வழக்கம் இல்லை. இப்போது கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்களே, அது இந்த மாதிரிச் சாவுகள் கற்றுக்கொடுத்தது. பலருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள், சிலருக்கு 1.0 வரை. 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. கை நடுக்கம் பெரிதாவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தி, இவை சேர்ந்து வந்தால் உடனே ஓடுங்கள்.

டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ. 1954இல் முறையான சோதனை நடத்தி லித்தியத்தை நிலைநாட்டியவர். அவருடைய தம்பிக்கே திரும்பத் திரும்ப மனச்சோர்வு வரும். அந்தத் தம்பியைக் காப்பாற்றியதும் லித்தியம்தான். உங்கள் கதை! தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்தான் இந்த மருந்துக்காக ஆயுள் முழுக்க வாதாடினார்.

மார்ச் 9, அதிகாலை 3.05

மகளைப் பற்றி எழுதவில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து சதவீதம். பொதுவாக எல்லாருக்கும் இருப்பது ஒரு சதவீதம் அளவு. நான் பத்து என்பேன். மனைவி தொண்ணூறு என்பாள், வராத வாய்ப்பு. ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பதின்மூன்று வருடமாக இரண்டு பேர் இரண்டு வீட்டில் வாழ்கிறோம். உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தாலும் மற்றவருக்கு வந்தே தீரும் என்பதில்லை. அப்படியானால் மரபணு மட்டும் இல்லை. அப்படியானால் வீடும் சேர்கிறது. அப்படியானால் வீட்டைச் சரிசெய்தால் பாதி சரி. இதை யாரும் இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

மார்ச் 10, அதிகாலை 2.40

நேற்றிலிருந்து ஒன்று பிடிபட்டுவிட்டது. லித்தோஸ் என்றால் கிரேக்கத்தில் கல். 1817இல் ஒரு கல்லில் இருந்துதான் லித்தியத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்? பெருவெடிப்பின் முதல் நிமிடங்களில் உருவானவை ஹைட்ரஜன், ஹீலியம், கொஞ்சம் லித்தியம். கொஞ்சம் லித்தியம்! பிரபஞ்சத்தின் முதல் சில நிமிடங்களில் உண்டான பொருளை நான் தினமும் இரவில் தண்ணீரோடு விழுங்குகிறேன். உங்கள் தம்பியும் விழுங்குகிறான். இது தெரிந்தால் யாராவது மாத்திரையை நிறுத்துவார்களா? இதைச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும், கல்லில் இருந்து, நட்சத்திரத்துக்கும் முன்னால் இருந்து. குடும்பங்களுக்கான கையேடு ஒன்று எழுதத் தொடங்கிவிட்டேன். பன்னிரண்டு பாகம். இன்று மட்டும் நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது. வேலைக்கு விடுப்பு எழுதிவிட்டால் இரண்டு வாரத்தில் முடியும். நாலாவது சைக்கிள் யாருக்கு என்றும் இப்போது புரிகிறது.

மார்ச் 10, அதிகாலை 4.15

பதின்மூன்று பாகம்.

மார்ச் 10, காலை 8.05 (கேட்டவர்)

அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் எழுதியதை எல்லாம் ஒரு நோட்டில் நேரத்தோடு எடுத்து எழுதிவைக்கிறேன். முந்தாநாள் இரவு 11.50. நேற்று 1.30, 3.05. இன்று 2.40, 4.15. தூங்கினீர்களா?

மார்ச் 10, காலை 8.20

சகோதரி, உங்கள் தம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வருட அனுபவத்தை அள்ளி இறைத்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் மணியைக் குறித்துக் கணக்கு வைக்கிறீர்கள். இரவில் எழுதினால் பைத்தியமா? வீட்டில் ஒருவனைப் பிடித்தாயிற்று, இனி பார்ப்பவன் எல்லாம் நோயாளி. உங்கள் அம்மா உங்களைவிட அறிவாளி.

மார்ச் 10, காலை 8.31

தூங்கினேன். இரண்டரை மணி நேரம். போதுமானதாக இருந்தது.

மார்ச் 19, மாலை 5.30

மேலே இருப்பதை அழிக்கவில்லை. அழிக்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "இருக்கட்டும், அடுத்த தடவை காட்ட உதவும்" என்றாள்.

மன்னித்துவிடுங்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நடந்தது இது. "தூங்கினீர்களா?" என்ற உங்கள் கேள்வியை அவளிடம் காட்டினேன், திருந்துவதற்காக இல்லை, "பார் இந்தப் பெண்ணை" என்று புகார் சொல்ல. அவள் படித்தாள். ஒன்றும் பேசாமல் மேசை இழுப்பறையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். சைக்கிளுக்குப் பிறகு, நான் தெளிவாக இருந்த காலத்தில், என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டது. தொடர்ந்து இரண்டு இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் அவள் டாக்டருக்குப் போன் செய்யலாம். கார்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளலாம். "நான் சண்டை போடுவேன். தடுக்க மாட்டேன்." கடைசி வரி அதுதான்.

சண்டை போட்டேன். நன்றாகவே போட்டேன். தடுக்கவில்லை.

ரத்தத்தில் லித்தியம் 0.4. மாத்திரைப் பெட்டியில் நான்கு இரவு அறைகள் திறக்கப்படாமல் இருந்தன. படுக்கப் போகும்போது போடுவது வழக்கம், படுக்கப் போகவே இல்லை. எழுதியதால் தூக்கம் கெட்டதா, கெடத் தொடங்கியதால் எழுதினேனா என்று டாக்டரிடம் ஒரு நீண்ட கேள்வி கேட்டேன். "அதை அப்புறம் பேசலாம், முதல்ல தூங்குங்க" என்றார். இரண்டு வாரத்துக்குக் க்வெட்டியபின் என்ற மருந்தையும் சேர்த்திருக்கிறார், மேனியாவை இறக்கும், தூக்கமும் தரும். மருத்துவமனை வரை போகவில்லை. ஹைப்போமேனியாவோடு நின்றது. நாற்பது பக்கத்தை நேற்று படித்தேன். முதல் மூன்று பக்கம் பரவாயில்லை.

மார்ச் 19, மாலை 6.10

விட்டுப்போனது. அவள் 6ஆம் தேதியே கண்டுபிடித்திருந்தாளாம். நான் பாத்திரம் துலக்கும்போது பாடினேனாம்.

"ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டேன்.

"போன வருஷம் சொன்னேனே."

போன வருடம் மகள் ஒரு போட்டியில் முதலாவதாக வந்தாள். அன்று மாலை கூடத்தில் அவளைத் தூக்கிச் சுற்றினேன், சத்தமாகச் சிரித்தேன், யார் யாருக்கோ போன் போட்டேன். மனைவி வாசற்படியில் நின்று "தூங்குறீங்கல்ல?" என்று கேட்டாள். நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். அது வெறும் சந்தோஷம். நான் மகளை இறக்கிவிட்டுவிட்டு அறைக்குள் போனேன். அதன் பிறகு ஒரு மாதம் வீட்டில் நான் சிரிக்கவில்லை. ஒரு தண்டனையாக. என்னை விட மகளுக்குத்தான் அது தண்டனை என்பது எனக்கு இந்த வாரம்தான் உறைத்தது.

அதனால் இந்தத் தடவை அவள் நான்கு நாள் பொறுத்தாள். பாட்டு வெறும் பாட்டாகவே இருக்கட்டும் என்று.

நீங்கள் வெளியாள். உங்களுக்கு அந்தப் போன வருடம் இல்லை. அதனால் கேட்க முடிந்தது.

மார்ச் 20, மாலை 7.00

உங்கள் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். இப்போது என்னிடமே ஒரு உதாரணம் இருக்கிறது, 8.20க்கு எழுதியது. அதில் எது நோய், எது நான் என்று பிரித்துப் பார்த்தேன்.

அந்த வேகம், பதினைந்தே நிமிடத்தில் பாய்ந்தது, நோய். என்னை யாரோ கணக்கெடுக்கிறார்கள் என்ற கசப்பு என்னுடையது. நன்றாக இருக்கும் நாளிலும் அது எனக்கு உண்டு, இன்றும் இருக்கிறது. சரி, இந்த இரண்டும் என் பழைய கட்சியில் அடங்கும். கடைசி வரிதான் இடிக்கிறது. "உங்கள் அம்மா உங்களைவிட அறிவாளி." உங்கள் அம்மாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை, குப்பையில் கிடந்தது இல்லை. கடிகாரம் மாதிரிப் பிரமையும் இல்லை. உங்களுக்கு எது வலிக்கும் என்று நீங்களே முதல் கேள்வியில் எழுதியிருந்தீர்கள். கைக்கு எட்டிய கல்லில் கூரானதை எடுத்தேன். அவ்வளவுதான். நம்பிச் சொல்லவில்லை. வலிக்கவேண்டும் என்று சொன்னேன்.

தம்பி அப்பாவின் சாவைச் சொன்னதும் இந்த மூன்றாவது வகையாக இருக்கலாம். அம்மாவுக்கு எது அதிகம் வலிக்கும் என்று உங்கள் வீட்டில் அவனுக்குத் தெரியாதா? மார்ச் 1ஆம் தேதி நான் அவ்வளவு உறுதியாக "அப்படி நினைத்திருப்பான்" என்று எழுதியது உங்களுக்குள் எதையாவது முடிச்சுப் போட்டிருந்தால், அதை அவிழ்த்துவிடுங்கள்.

இதுவும் கோபப்படவேண்டிய விஷயம்தான். ஆனால் வேறு கோபம்.

மார்ச் 22, காலை 10.15 (கேட்டவர்)

மன்னிப்பெல்லாம் வேண்டாம் அண்ணா. படித்ததும் அழுதேன், அது வேறு. தம்பியிடம் நேற்று மெதுவாகக் கேட்டேன். அவனுக்கு அப்படிச் சொன்னதே ஞாபகம் இல்லையாம். அது எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது. சொன்னவன் மறந்துவிட்டான், நாங்கள் சுமக்கிறோம்.

மார்ச் 22, மாலை 6.40

ஞாபகம் இல்லை என்பது பொய்யாக இருக்காது. எனக்கும் அந்த நாட்கள் துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன. கடிகாரங்களைக் கழற்றியது நினைவிருக்கிறது. அன்று மாலை மச்சான் வந்ததும் அவரை நான் வாசலிலேயே நிறுத்தியதும் நினைவில் இல்லை. நினைவில்லாத ஒன்றுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், இரண்டு வருடம் கழித்து. வாய் கூசியது. அவர் "கடிகாரம் இப்ப சரியா ஓடுதா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவனிடம் மறுபடி கேட்காதீர்கள். மேனியா இறங்கிய பிறகு பலருக்கும் சரிவு வரும், சுவரைப் பார்ப்பது அதுதான். இந்த நேரத்தில் அவன் செய்ததை எல்லாம் அவன் முன்னால் பரப்பினால் தன்னையே வெறுப்பான். வேறொன்றைக் கேளுங்கள். சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி நடப்பதில்லை. என்னிடம் அப்போது யாராவது கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன், சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். லித்தியத்துக்கு அந்த ஆபத்தைக் குறைக்கும் குணம் உண்டு, அதனால் அதை விடாமல் போடுவது இரண்டு மடங்கு முக்கியம். திடீரென நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

தெளிந்த பிறகு ஒருநாள் சொல்லுங்கள். ஒரே ஒரு விஷயம், ஒரே தடவை. பட்டியல் வேண்டாம்.

அம்மாவின் வரியை அவரிடமிருந்து பிடுங்கவும் வேண்டாம். "நோய் பேசிச்சு" என்பது அவர் நிற்பதற்குப் பிடித்திருக்கிற கம்பமாக இருக்கலாம். நம்புகிறாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

மார்ச் 30, மாலை 4.20

இன்று உலக பைபோலார் தினம். ஓவியர் வான்கோ பிறந்த நாள் என்பதால் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு இருந்தது பைபோலார்தான் என்று இறந்த பிறகு ஊகித்ததுதான். அலுவலகத்தில் ஒருவர் "மேதைகளோட நோய் சார்" என்று அனுப்பியிருந்தார். என்னிடம் நாற்பது பக்கம் இருக்கிறது, மூன்று பக்கம் பரவாயில்லை.

வான்கோவைவிட எனக்குத் தியோவைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. பணம் அனுப்பிய தம்பி. அண்ணன் இறந்து ஆறு மாதத்தில் அவரும் போனார், 33 வயதில்.

இந்த வாரம் கொஞ்சம் கீழே இருக்கிறேன். பெரிதாக இல்லை. காலையில் சட்டை மாற்ற நேரமாகிறது.

ஏப்ரல் 6, மாலை 7.50

லித்தியம் 0.7. க்வெட்டியபினை நிறுத்தியாயிற்று. காகிதத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம், மகள் சொன்னது: "சந்தேகம் வந்தால் சிரித்து முடித்த பிறகு கேட்கவும்." மனைவி, "எவ்வளவு நேரம் கழிச்சு?" என்றாள். ஒரு மணி நேரம் என்று பேரம் முடிந்தது.

நாலாவது சைக்கிளை விற்கப் போகிறோம். ஆறு வருடத்தில் டயர் கெட்டுவிட்டது.

தம்பிக்குத் தலைவலி என்று எழுதியிருந்தீர்கள். ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள், அது ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். பாரசிட்டமால் போதுமா என்று அவனுடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தாலும் அளவு ஏறும், உப்பைத் திடீரென்று குறைத்தாலும் ஏறும். அடுத்த தடவை ரத்தம் எடுக்கப் போகும்போது, ரத்தம் எடுத்து முடித்த பிறகு காலை மாத்திரையைப் போடச் சொல்லுங்கள், முன்னால் போட்டால் எண் தப்பாக வரும்.